கஞ்சித் தொப்பி

அக்காவிடம் புதுசாக எதையும் காட்டக் கூடாது. காட்டினால் உடைத்துப் பார்த்துவிடுவார். பேனா வாங்கி வந்தால் நிப்பைத் தரையில் வைத்து அழுத்துவார். வளையல் வாங்கி வந்தால் இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து நசுக்குவார். தாங்கினால், "பரவால்ல, போட்டுக்க" என்பார். தாங்காவிட்டால், இதற்குப் போய்க் காசு கொடுத்தாயா என்று நம்மையே திட்டுவார். கண்ணாடி வளையலை நசுக்கினால் உடையாமல் வேறென்ன செய்யும் என்று ஒருநாள் சண்டைக்குப் போனேன். "அப்ப எதுக்கு வாங்குன?" என்றார். அவரிடம் பேசி ஜெயித்தவர்கள் எங்கள் ஷெட்டில் யாரும் கிடையாது.

பெயரைச் சொல்லப் போவதில்லை. தர்மபுரிப் பக்கம் இன்னும் அவரைத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். யாராவது இதைப் படித்துக் காட்டி, அவர் பஸ் ஏறி என் வீட்டு வாசலில் வந்து நின்றால், பதில் சொல்ல இந்த வயதில் எனக்குத் தெம்பில்லை. ஷெட்டில் எல்லோருக்கும் அவர் அக்கா. அவரைவிட வயதில் மூத்த, பேரன் எடுத்த பிரஸ் மெஷின்காரர்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார். கூப்பிடாவிட்டால் அக்கா திரும்பமாட்டார்.

எண்பதுகளின் நடுவில் கிருஷ்ணகிரி ரோட்டில், ஊர் தாண்டி, ஒரு தகர ஷெட்டில் நாங்கள் ஹெல்மெட் செய்தோம். ஷெட் எங்கள் முதலாளி பாய்க்குச் சொந்தம். பாய் குடும்பத்துக்கு டவுனில் ஜவுளிக்கடை. அண்ணன்கள் எல்லாம் கடையில் உட்கார, இவர் மட்டும் பெங்களூரில் ஃபைபர் கண்ணாடி வேலையைப் பார்த்துவிட்டு வந்து, நானும் செய்கிறேன் பார் என்று ஷெட் போட்டார். வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லோரும் ஹெல்மெட் போட்டாக வேண்டும் என்று சட்டம் வரப்போகிறது என ஊரெல்லாம் பேச்சு. வரும், வராது என்று டீக்கடையில் அடித்துக்கொள்வார்கள். வரும் என்று நம்பி முதல் போட்டவர் எங்கள் பாய்.

எங்கள் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அக்காவைப் புரிந்துகொள்ள முடியாது. ஷெட்டின் நடுவில் ஒரு தகரத் தலை சுழன்றுகொண்டிருக்கும். சல்லடை மாதிரி உடம்பெல்லாம் ஓட்டை. அடியில் ஒரு பெரிய ஃபேன், காற்றை உள்ளே இழுக்கும். என் கையில் ஒரு துப்பாக்கி. கண்ணாடி நூலை அது துண்டு துண்டாக வெட்டித் துப்பும். துப்பியதெல்லாம் காற்றோடு போய்த் தகரத் தலையில் முடி முடியாக ஒட்டும். சும்மா விட்டால் ஃபேனை நிறுத்தியதும் அத்தனையும் கொட்டிப்போகும். கொட்டாமல் பிடித்துவைப்பதற்குத்தான் பைண்டர். பால் மாதிரி இருக்கும், பம்பாயிலிருந்து டிரம்மில் வரும். அதை அடிக்கிற துப்பாக்கி அக்கா கையில். நான் நூலை விட விட, அக்கா எதிரே நின்று பைண்டரைப் பூப்போல அடித்துக்கொண்டே சுற்றி வருவார். பிறகு தலையைச் சூட்டுப் பெட்டிக்குள் தள்ளிக் காயவைத்து எடுத்தால், மேலே ஒட்டியதைத் தனியாகக் கழற்றிவிடலாம். அதற்கு நாங்கள் வைத்த பெயர் தொப்பி. அந்தத் தொப்பியை இரும்பு அச்சுக்குள் வைத்து, ரெசின் என்கிற பிசினை ஊற்றி, சூட்டோடு பிரஸ்ஸில் அமுக்கி எடுத்தால் ஹெல்மெட்டின் ஓடு. பிரஸ்ஸைப் பார்த்துக்கொண்டவர் பென்னாகரத்துக்காரர். அக்கா என்று கூப்பிட்ட பெரியவர் அவர்தான்.

இதில் சூட்சுமம் பைண்டரில்தான் இருக்கிறது. குறைவாக அடித்தால், அச்சு மூடும்போது நூலெல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கி உச்சி மெலிந்துபோகும். அதிகமாக அடித்தால், தொப்பி பார்ப்பதற்கு விறைப்பாக நிற்கும், ஆனால் ரெசின் உள்ளே இறங்காது. அக்கா அடிப்பது எப்போதும் குறைவுக்கும் அதிகத்துக்கும் நடுவில். அதனால் எங்கள் தொப்பிகள் பார்க்கச் சகிக்காது. தலை வாராத பைத்தியம் மாதிரி, ஒரு பக்கம் தொங்கி, ஒரு பக்கம் சிலிர்த்து நிற்கும். மழைக்காலத்தில் இன்னும் மோசம். அலமாரியில் வைத்தால் காலையில் குப்புறப் படுத்திருக்கும். டவுனிலிருந்து வருகிற பாயின் அண்ணன்கள் அதைக் கையில் எடுத்துப் பார்த்து, இதையா தலையில் மாட்டுவார்கள் என்று சிரிப்பார்கள். பாய்க்கு முகம் சுருங்கிப்போகும்.

கண்ணாடி நூல் உடம்பில் பட்டால் அரிப்பு. அதற்காக நாங்கள் புடவைக்கு மேல் முழுக்கை ஆம்பிளைச் சட்டை போட்டுக்கொள்வோம். என்னுடையது என் வீட்டுக்காரரின் பழைய சட்டை. அக்காவுக்குக் கல்யாணமாகவில்லை, அவர் அண்ணன் சட்டையைப் போட்டுக்கொள்வார்.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று அக்கா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, எல்லோர் காதிலும் விழும்படி, இந்தப் புள்ளை ரெண்டு நாள் தாங்காது என்றார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அரிப்பைத் தாங்கிக்கொள்வேன், உங்கள் மூஞ்சியைத்தான் தாங்க முடியுமா என்று தெரியவில்லை என்றேன். அக்கா சிரித்தார். அன்று மத்தியானம் தன் டிபனிலிருந்து பாதி களியையும் கீரையையும் என் தட்டில் தள்ளினார். வளையலை நசுக்கிப் பார்ப்பது போல என்னையும் நசுக்கிப் பார்த்திருக்கிறார் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நாள் பிடித்தது.

ஆயுத பூஜைக்கு மறுநாள் பாய் எங்களையெல்லாம் ஒகேனக்கல் கூட்டிப்போனார். பரிசலில் ஏறியதும் மற்றவர்கள் அருவியைப் பார்த்தார்கள். அக்கா பரிசலைப் பார்த்தார். மூங்கிலுக்கு நடுவில் தார் பூசிய சாக்கை விரலால் குத்தி, காலால் மிதித்து, எங்கே ஓட்டை விழும் என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். பரிசல்காரர் துடுப்பை நிறுத்திவிட்டு, கரையில் இருக்கும்போதே இதையெல்லாம் செய்திருக்கக் கூடாதா தாயே என்று கும்பிட்டார். கரையேறியதும் அக்கா அவருக்குப் பாயிடம் சொல்லிக் கூடுதலாக வாங்கிக் கொடுத்தார். உறுதியான பரிசலாம்.

அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்களிடமும் இதே கதைதான். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் அவர் வீடு. மாப்பிள்ளை வீட்டார் கேசரியும் பஜ்ஜியும் சாப்பிட்டுக்கொண்டிருக்க, இவர் காபித் தட்டோடு வந்து நின்று, சட்டென்று புடவைத் தலைப்பை ஒதுக்கி முழங்கையைக் காட்டியிருக்கிறார். கையெல்லாம் சிவந்து தடிப்புத் தடிப்பாக இருக்கும் எங்களுக்கு. இப்படித்தான் இருக்கும், கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போவேன், சம்மதமா என்று மாப்பிள்ளையிடம் நேராகக் கேட்டிருக்கிறார். அவர்கள் பஜ்ஜியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள். அவர் அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாராம். ஏன் அக்கா இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். "கண்ணாலம் ஆயி ஒடையறதுக்கு, இப்பயே ஒடஞ்சா நல்லதுதான புள்ள?" என்றார். வருத்தமே இல்லாமல் சொன்னார். எனக்குத்தான் வருத்தமாக இருந்தது.

அப்படியும் பிற்பாடு ஒருத்தர் தாங்கினார். பஸ் கண்டக்டர். முழங்கையைப் பார்த்துவிட்டு, எனக்கும் டிக்கெட் கிழித்துக் கிழித்து விரல் காய்த்துத்தான் இருக்கிறது என்று தன் கையைக் காட்டினாராம். இன்னொரு பஜ்ஜியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாராம்.

ஹெல்மெட்டையும் அக்கா விடமாட்டார். ஒவ்வொரு தடவை சரக்கு முடியும்போதும் அதிலிருந்து ஒன்றை எடுத்துக் குழாயடிக் கல்லில் கவிழ்த்து வைத்து, இரும்புச் சுத்தியலால் ஓங்கி ஒன்று போடுவார். யாரும் சொல்லிச் செய்ததல்ல, அவராக ஆரம்பித்தது. எங்கள் ஹெல்மெட் பெரும்பாலும் உடையாது. அடிபட்ட இடம் வெளுத்துப் போகும், அவ்வளவுதான். அந்த வெளுப்பை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "போவட்டும்" என்பார். அதற்கப்புறம்தான் பெட்டி கட்டுவோம்.

பாய்க்கு இது பிடிக்காது. ஒவ்வொரு தடவையும் ஒரு ஹெல்மெட்டை உடைப்பதற்கென்றே செய்ய வேண்டுமா, எல்லாவற்றையும் உடைத்துக்கொண்டே இருந்தால் வேலை ஆக வேண்டாமா என்று புலம்புவார். ஆனால் சுத்தியல் எடுக்கிற நேரத்தில் டீ குடிக்கப் போய்விடுவார். திரும்பி வந்ததும் முதலில் அக்கா முகத்தைத்தான் பார்ப்பார். அக்கா சாதாரணமாக இருந்தால், அவரும் சாதாரணமாகிவிடுவார். இரண்டு பேருக்கும் நடுவில் அப்படி ஒரு ஏற்பாடு இருந்தது.

இனிமேல் சொல்லப்போவதுதான் நான் சொல்ல வந்தது.

ஓசூரில் ஒரு வியாபாரி. மோட்டார் சைக்கிள் விற்கிற கடைகளுக்கு ஹெல்மெட் கொடுப்பவர். அவர் எங்களுக்கு ஒரு பெரிய ஆர்டர் கொடுத்தார். அதுவரை நாங்கள் செய்ததெல்லாம் சில்லறை. இது நல்லபடியாகப் போனால் மாதா மாதம் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார். பாய் எங்களை உட்காரவைத்து ஒளிக்காமல் சொன்னார். இது அமைந்தால் இன்னொரு பிரஸ் போடலாம். அமையாவிட்டால் ஷெட்டை மூடிவிட்டு, அண்ணன் கடையில் போய் ஜாக்கெட் துணி கிழிக்க வேண்டியதுதான். அண்ணன்கள் அதற்காகத்தான் காத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றார். எங்களுக்கும் புரிந்தது. எனக்கு வீட்டுக்காரர் வேலையில்லாமல் இருந்த சமயம். பிரஸ்காரருக்குக் கடைசிப் பெண் கல்யாணம் பாக்கி. ஷெட் இருந்தால்தான் நாங்கள்.

பாதி ஆர்டர்கூட முடியவில்லை, பைண்டர் தீர்ந்துபோனது. புது டிரம் பம்பாயிலிருந்து கிளம்பிவிட்டது, ஆனால் லாரி ஸ்டிரைக். டிரம் எந்த ஊரில் நிற்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. பாய் தினமும் போஸ்டாபீஸ் போய் பம்பாய்க்கு டிரங்கால் போட்டுவிட்டு, போனதைவிடக் கறுத்த முகத்தோடு திரும்பி வருவார். ஓசூர்க்காரர் சொன்ன தேதிக்கு வேன் அனுப்புவார். ஒருநாள் தள்ளினாலும் வேறு இடம் பார்த்துக்கொள்வார்.

அப்போது அக்கா சொன்னதுதான் கஞ்சி.

அவர்கள் வீட்டில் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளிதான் வெள்ளாமை. கிழங்கு ஆலைக்குப் போய், மாவாகவும் ஜவ்வரிசியாகவும் வெளியே வரும். அந்த மாவில் கஞ்சி காய்ச்சித்தான் ஊரெல்லாம் வேட்டிக்குப் போடுகிறார்கள், வேட்டியை விறைப்பாகப் பிடிக்கிற கஞ்சி நூலைப் பிடிக்காதா என்று கேட்டார். பாய் வாயைப் பிளந்தார். மறுநாளே அக்கா ஊரிலிருந்து ஒரு மூட்டை மாவைப் பஸ்ஸில் போட்டுக்கொண்டு வந்து இறங்கினார். டீ போடுகிற ஸ்டவ்வில் காய்ச்சி, பழைய வேட்டியில் வடிகட்டி, ஆறவைத்துத் துப்பாக்கியில் ஊற்றினோம். முதலில் அடைத்துக்கொண்டது. அக்கா விளக்குமாற்றுக் குச்சியால் குத்திக் குத்தி எடுத்தார். தண்ணீர் கொஞ்சம் கூட்டினார். அதற்கப்புறம் அது போட்ட போட்டைப் பார்க்க வேண்டுமே!

சூட்டுப் பெட்டியிலிருந்து வெளியே வந்த தொப்பியைச் சுற்றி நாங்கள் எல்லோரும் கூடிவிட்டோம். வெள்ளை வெளேரென்று, ஒரு முடி சிலிர்க்காமல், வழுவழுவென்று இருந்தது. அக்கா விரல் முட்டியால் தட்டினார். மரத்தைத் தட்டினால் கேட்கிற சத்தம். பாய் உள்ளங்கையில் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, மாஷா அல்லா என்றார். எப்போதும் நொட்டை சொல்கிற பிரஸ்காரர்கூட, அச்சுக்குள் வழுக்கிக்கொண்டு போய் உட்காருகிறது என்றார். பாய் ஜாங்கிரி வாங்கி வந்தார். அண்ணன்களையும் கூப்பிட்டுக் காட்டினார். இந்தத் தடவை அவர்கள் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து அக்கா ஆளே மாறிப்போனார். அதட்டிப் பேசுகிறவர் மெதுவாகப் பேசினார். தொப்பிகளை அளவு பார்த்து அலமாரியில் வரிசையாக அடுக்கி, மேலே தன் புடவையைப் போட்டு மூடினார். மாவு வாசனைக்கு எறும்பு வந்தது. வீட்டில் சாப்பாட்டு அலமாரிக்குச் செய்வது போல, நாலு கால்களுக்கும் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி வைத்தார். நான் ஒரு தொப்பியைத் தொட்டால், "கைய எடு புள்ள, கண்ணு பட்ரப் போவுது" என்பார். உடைத்துப் பார்ப்பவர் கண் படும் என்று பயந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். சிரிப்பாகவும் இருந்தது, பிடித்தும் இருந்தது. பெற்ற பிள்ளைக்குச் சீவிச் சிங்காரித்து விடுகிறவள் போலத்தான் நடந்துகொண்டார்.

அச்சிலிருந்து வந்த ஓடுகளில் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள் இருந்தன. பைண்டர் போட்டதில் அப்படி வராது. பழைய ஓடுகளை வெயிலில் பிடித்தால் டிகாஷன் நிறத்தில் ஒரே சீராக வெளிச்சம் தெரியும். பிரஸ்காரர் இதைக் காட்டிக் கேட்டார். வேட்டியில் கஞ்சித் திட்டு விழுவதில்லையா, அது போலத்தான், கறுப்புப் பெயிண்ட் அடித்தால் யாருக்குத் தெரியும் என்றார் அக்கா. பிரஸ்காரர் சரி என்று போய்விட்டார். சரக்கு மேல் சரக்கு முடிந்தது. பெட்டி மேல் பெட்டி கட்டினோம். சுத்தியல் ஆணியிலேயே தொங்கியது.

நான் விளையாட்டாகத்தான் கேட்டேன். என்ன அக்கா, இந்தத் தடவை ஒன்றைக்கூட உடைக்கவில்லையே, கை அரிக்கவில்லையா என்று. அக்காவுக்கு முகம் மாறியது. "எல்லாத்தையும் ஒடைச்சிகினே இருந்தா வேல ஆவ வேணாமா?" என்றார். பாய் பேசுகிற பேச்சு அது. அக்கா வாயில் அதைக் கேட்டதும் எனக்கு என்னவோ போலிருந்தது. நூலை மாட்டப் போனேன்.

வேன் வருகிற நாள். பெட்டிகள் வாசல்வரை அடுக்கியிருந்தன. மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டோம், அக்கா சாப்பிடவில்லை. டிபனைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். பிறகு எழுந்து போய் மேல் பெட்டியைப் பிரித்து, பெயிண்ட் மின்னுகிற ஒரு ஹெல்மெட்டை எடுத்தார். பெட்டியைப் பிரிக்கிறாயே என்று பிரஸ்காரர் கத்தினார். அக்கா காதில் வாங்கவில்லை. கல்லில் கவிழ்த்து வைத்து ஓங்கிப் போட்டார்.

சத்தமே வேறாக இருந்தது. எப்போதும் கேட்கிற கணீர் இல்லை. பொத்தென்று விழுந்தது. இரண்டாம் அடியில் உச்சியிலிருந்து காதுவரை பிளந்தது. அக்கா இரண்டு கையாலும் பிடித்துப் பிரித்தார். உள்ளே ரெசின் இறங்கவே இல்லை. நூல் காய்ந்து, வெள்ளையாக, ஏடு ஏடாகப் பிரிந்து வந்தது. பம்பாய்ப் பைண்டர் ரெசினோடு கரைந்து ஒன்றாகிவிடும். கஞ்சி கரையாமல் ஒவ்வொரு நூலையும் சுற்றித் தோலாக உட்கார்ந்துகொண்டிருக்கிறது. இன்னொரு பெட்டியிலிருந்து இன்னொன்றை எடுத்து அடித்தார். அதுவும் அப்படியே பிளந்தது.

பாய் அன்று டீ குடிக்கப் போகவில்லை. பக்கத்தில்தான் நின்றிருந்தார். பிளந்ததைக் கையில் வாங்கிப் பார்த்தார். ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தார். இந்த ஒரு லோடு போகட்டும் என்றார். அடுத்ததில் சரி செய்துகொள்ளலாம், டிரம்மும் வந்துவிடும். யார் இதைத் தலையில் போடப்போகிறார்கள்? சட்டம் வந்தால் போலீஸ் பிடிக்கும் என்று பயந்து வாங்குகிறான், வண்டிக் கண்ணாடியில் மாட்டிவைக்கிறான், அதில் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறான். பாய் சொன்னது பொய்யில்லை. நானே பார்த்திருக்கிறேன்.

பிரஸ்காரர், பாய் சொல்வதுதான் சரி என்றார். நானும் அப்படித்தான் சொன்னேன். பாய் கெட்டவர் இல்லை. காய்ச்சல் என்று படுத்தால் வீட்டுக்கு ரொட்டி கொடுத்தனுப்புகிற மனுஷர். அவருக்கு ஷெட் போகிறது, எங்களுக்குச் சோறு போகிறது. அந்த நேரத்தில் எங்களுக்கு ரோட்டில் போகிற யாரோ ஒருவனுடைய தலை ஞாபகம் வரவில்லை.

அக்கா மூன்றாவதாக ஒரு ஹெல்மெட்டை எடுத்தார். கல்லில் வைக்கவில்லை. தன் தலையில் மாட்டி, நாடாவைத் தாடைக்குக் கீழே இழுத்துக் கட்டினார். கல்லின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சுத்தியலின் பிடியைப் பாய் பக்கம் நீட்டினார்.

"அடிங்க பாய்."

பாய் சிரிக்கப் பார்த்தார். "வெளையாடாதம்மா. கழட்டு."

"வெளையாடல. நான் காய்ச்சுன கஞ்சி, நான் செஞ்ச தொப்பி. என் தலையில அடிச்சுப் பாருங்க. தாங்குச்சின்னா அத்தனையும் வேன்ல ஏத்துங்க. நானே தூக்கியாந்து ஏத்தறேன்."

பாய் ஏன் அதைக் கையில் வாங்கினார் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. நீட்டினால் வாங்குகிற பழக்கத்தில் வாங்கினாரோ என்னவோ. சுத்தியலை வைத்துக்கொண்டு அக்காவுக்கு முன்னால் நின்றார். அக்கா கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். எதற்கும் பயப்படாதவர் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தவர், இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடுங்குவதைப் பார்த்தேன்.

பாய் சுத்தியலைத் தூரப் போட்டார். கீழே உட்கார்ந்து, அக்காவின் நாடாவை அவரே அவிழ்த்தார். முடிச்சு இறுகியிருந்தது, நேரம் பிடித்தது. "நான் அடிச்சிருப்பேன்னு நெனச்சியாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

வேன் வந்தது, ஓசூர்க்காரரும் கூடவே வந்திருந்தார். சரக்கு தயாராகவில்லை என்று பாய் கைகூப்பினார். அடுக்கியிருந்த பெட்டிகளைக் காட்டி, இதெல்லாம் என்ன என்று ஓசூர்க்காரர் கேட்டார். அது உங்களுக்கில்லைங்க என்றார் பாய். கூட விலைக்கு வேறு எவனுக்கோ கொடுக்கிறான் என்று நினைத்துக்கொண்டு அவர் கண்டபடி திட்டிவிட்டுப் போனார். பாய் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டார். அந்த ஆள் பிறகு எங்கள் பக்கம் வரவே இல்லை.

ஷெட் அடுத்த பொங்கல்வரை இழுத்துப் பறித்துக்கொண்டு ஓடியது. பிறகு மூடினோம். பாய் ஜவுளிக்கடைக்குப் போனார். ஜாக்கெட் துணி வாங்கப் போனால் எனக்கு மட்டும் ஒரு விரற்கடை கூடுதலாகக் கிழித்துக் கொடுப்பார். நான் தையல் மெஷின் போட்டேன். பிரஸ்காரர் வெகுநாள் அக்காவோடு பேசவில்லை. அக்கா கண்டக்டரைக் கட்டிக்கொண்டு பென்னாகரம் போய்விட்டார். எனக்கும் அவர்மேல் கோபம் இருந்தது. நல்ல காரியம்தான் செய்தார். அதற்காகச் சோறு போனால் கோபம் வராமல் இருக்குமா?

வேன் போன அன்று சாயங்காலம் பாயே முதலில் சுத்தியலை எடுத்தார். விட்டுவைத்தால் நாளைக்கு எனக்கே புத்தி மாறும், இன்றைக்கே முடித்துவிடுவோம் என்றார். ஆளுக்கொன்றாகக் கல்லில் வைத்து உடைத்தோம். பிரஸ்காரர் திட்டிக்கொண்டே உடைத்தார். எல்லோரும் உடைத்தோம், அக்காவைத் தவிர. தேடிப் போய்ப் பார்த்தால், ஷெட்டுக்குள் அலமாரிக்குப் பக்கத்தில் தண்ணீர்த் தொட்டியடியில் உட்கார்ந்திருந்தார். அச்சில் வைக்காத தொப்பிகள் நிறைய மிச்சமிருந்தன. அதில் ஒன்றை எடுத்துத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். கஞ்சி ஊறி, தொப்பி மெல்லத் தளர்ந்து, குழைந்து, நூலாகப் பிரிந்தது. நூலை வீணாக்கக் கூடாதென்று பிழிந்து ஓரமாக வைத்தார். அழுதுகொண்டிருந்தார்.

எனக்கு ஆற்றாமை. "மொத சரக்குலயே ஒண்ண ஒடைச்சிருக்கலாமேக்கா. வளையல்கூட வுடமாட்டீங்களே" என்றேன். கோபமாகத்தான் கேட்டேன்.

"தெரியும் புள்ள. ரெண்டு மூணு வாட்டி சுத்தியல எடுத்தேன்" என்றார். முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டார். "அவ்ளோ அழகா வந்துருச்சி. ஒடைக்க மனசு வரல."

நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். அலமாரியிலிருந்து தொப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். அக்கா ஒவ்வொன்றையும் ஒருதரம் திருப்பிப் பார்த்துவிட்டுத் தண்ணீருக்குள் அமுக்கினார்.